ஒரு பக்கம் போதும்

மார்ச் 3, செவ்வாய். பேர்கன், நோர்வே

இன்று தபாலில் அச்சுப்பிரதி வந்தது. எங்கள் நால்வர் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்து இருபத்தைந்து வருடமாகிறதாம். அதை மறுபடி வெளியிடப் போகிறார்கள். கூடவே நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகம், அதன் அச்சுப்பிரதிதான் இது. படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. எனக்குத் தலை நிறைய முடி. ஹல்வார் பியானோவுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, உலகத்துத் துக்கமெல்லாம் தனக்கே என்ற முகத்தோடு இருக்கிறான். எட்டாம் பக்கத்தைப் புரட்டினேன். "திரும்பாத படகு. இசையமைப்பு: ஹல்வார்."

பழைய தட்டிலும் அப்படித்தான் இருந்தது. அப்போது எறும்பளவு எழுத்தில் இருந்ததால் பொறுத்துக்கொண்டேன். இப்போது அரைப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள். கீழே ஒரு பேராசிரியர் அந்த மெட்டைப் பற்றி இரண்டு பக்கம் உருகியிருக்கிறார். சொற்களே இல்லாத நான்கு நிமிட மெட்டு அது. இந்த நாட்டில் அதைக் கேட்காதவர் கிடையாது. வானொலியில், படத்தில், தேவாலயத்தில், செத்தவீட்டில் எல்லாம் அதுதான். அதை அந்தக் குழுவுக்குள் கொண்டுவந்தவன் நான். என் பேஸில், ஆளுயர வயலின் போன்ற அந்த வாத்தியத்தில், இந்தக் கையால். ஹல்வார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தாளில் எழுதினான், அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஒத்திகையில் யாராவது ஒன்றை வாசிப்போம், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பிடித்துப்போனால் ஒருவர் அதைத் தாளில் எழுதுவார். தாளில் எழுதியவரே மூலையில் பெயரையும் போட்டு இசையமைப்பாளர் சங்கத்தில் பதிவார். எழுதுவது கிளார்க் வேலை என்று நான் ஒதுங்கி நின்றேன். இருபத்துநாலு வயதுத் திமிர்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். நோர்வே மொழியில் எழுதினால் என் மனைவி மாரித் வாசித்துவிட்டு, "கொஞ்சம் நடந்துவிட்டு வா" என்பாள். எனக்கு நடக்க வேண்டாம்.

மார்ச் 4, புதன்

நடந்துவிட்டு வந்தேன். மழை. கோபம் அப்படியே இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

மே மாதக் கடைசியில் இசைவிழாவில் நாங்கள் நால்வரும் மறுபடி சேர்ந்து வாசிக்கப்போகிறோம். அதற்கு இன்று முதல் ஒத்திகை. பேஸை மூன்று மாடி படியில் தூக்கிக்கொண்டு போனேன். வழக்கம்போல ஒரு கிழவர் வழியை மறித்து, புல்லாங்குழல் கற்றிருக்கலாமே என்றார். முப்பது வருடமாக இந்தப் பகிடியைக் கேட்கிறேன். முப்பது வருடமாகச் சிரிக்கிறேன். இன்று சிரிக்கவில்லை.

ஹல்வாரின் இடது கை இன்னும் என் இடத்துக்குள்தான் வந்து குதிக்கிறது. பியானோவில் கீழ்ச்சுரங்களை அவன் அப்படி உழக்கினால் பேஸ் எதற்கு? வீட்டிலே இருந்திருப்பேனே.

இடைவேளையில் கேட்டேன். எட்டாம் பக்கத்தில் பெயர் பிழை, மாற்று என்றேன். அவன் அதிர்ந்துபோனவன்போல் பார்த்தான். அவனுக்கு நினைவில்லையாம். நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்தது என்றுதான் நினைத்திருந்தானாம். "சேர்ந்து செய்தது என்றால் உன் பெயர் மட்டும் ஏன்?" என்றேன். அதற்கு அவன், இசையமைப்பாளர் சங்கத்தில் விண்ணப்பித்துவிடு, அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன் என்றான், குரலை உயர்த்தாமல். இந்த நாட்டுக்காரர்களோடு சண்டை பிடிப்பது பஞ்சுமூட்டையைக் குத்துவதுபோல. நமக்குத்தான் கை வலிக்கும்.

சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். தட்டு பதிவாவதற்கு முன் அந்த மெட்டு என்னிடம் இருந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டுமாம். ஏப்ரல் நடுப்பகுதிக்குள் கொடுத்தால் புத்தகம் அச்சுக்குப் போகுமுன் முடிவு சொல்வார்களாம். பணத்துக்காகவா என்று அந்தப் பெண் கேட்டார். பணம் வேண்டாம், பெயர் வேண்டும் என்றேன். என் பெயர் தவரூபன் நவரத்தினம், எழுத்துக்கூட்டிச் சொல்லவா என்றேன். தேவையில்லை, எங்களுக்கு உங்களைத் தெரியும் என்றார்.

மார்ச் 14, சனி

பத்திரிகையிலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். விழாவுக்கு முன்னோட்டம். என் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்: பத்து வயதில் வார்தோ என்ற வடகோடி மீன்பிடி ஊருக்கு வந்து இறங்கியது, அப்பா அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தது, பள்ளி பாண்டில் யாருக்கும் வேண்டாத டியூபாவை, ஆளை அமுக்கும் அந்தப் பித்தளைக் குழலை, என் தலையில் கட்டியது, அங்கிருந்து பேஸுக்கு மாறியது. பிறகு ட்ரொண்ட்ஹைமில் ஜாஸ் படிப்பு, நால்வர் குழு, பெர்லின், தோக்கியோ. பிறகு என் சொந்தப் பெயரில் ஆறு தட்டுகள், அதில் இரண்டாவதற்கு நாட்டின் பெரிய விருது. நாடகங்களுக்கு இசை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் இசைக்கல்லூரியில் பாடம்.

அவள் இதில் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. "உங்கள் இசையில் கீழைத்தேயச் சோகம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கடல், போர், படகு என்று ஏதோ சொன்னேன். நாங்கள் படகில் வரவில்லை. கொழும்பிலிருந்து விமானத்தில் வந்தோம். ஆனால் இருபத்தைந்து வருடமாக அந்தப் படகுக் கதையை நானே சொல்லிக்கொண்டு திரிகிறேன். தலைப்பை ஹல்வார் வைத்தான், கதையை நான் கட்டினேன். இப்போது அதை யாரும் என்னிடமிருந்து திருப்பி வாங்கமாட்டார்கள்.

அவள் கட்டுரைக்குத் தலைப்பு எனக்கு இப்போதே தெரியும். "அகதிச் சிறுவனும் ஆழ்ந்த நரம்புகளும்." வேறென்ன போடப் போகிறார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

ஆதாரம் இருக்கிறது. நேற்றுக் குசினியில் பாத்திரம் கழுவும்போது நினைவு வந்தது. பள்ளி பாண்டில் ஆளுக்கொரு சின்னப் புத்தகம் தருவார்கள். நடந்துகொண்டே வாசிக்க வாத்தியத்தில் கொளுவிக்கொள்கிற உள்ளங்கை அளவுப் புத்தகம், பச்சை அட்டை. பின்பக்கங்களில் கோடு மட்டும் போட்டு வெறுமையாக இருக்கும். அந்த மெட்டு அதில்தான் பென்சிலால் எழுதியிருக்கிறது. 1990-ம் வருடம். ஹல்வாரை நான் பார்ப்பதற்கு ஆறு வருடம் முன்.

அம்மா போனபிறகு பெட்டிகளெல்லாம் அக்கா வீட்டில். அக்கா சுகிர்தா என்னைவிட நான்கு வயது மூத்தவள், இன்னும் வார்தோவில்தான் இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் வேலை. அவளும் அந்த பாண்டில் டிரம்பெட் வாசித்தாள். அப்பாவுக்கு முதுகு போனதும் பதினெட்டு வயதில் மீன் வெட்டப் போனாள், டிரம்பெட்டைப் பள்ளிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். பச்சைப் புத்தகத்தைத் தேடு, கடைசிப் பக்கங்களில் ஒன்றில் அந்த மெட்டு இருக்கும், அந்த ஒரு பக்கம் மட்டும் போதும் என்றேன். அவள், எந்தப் புத்தகம் என்று கேட்டாள். இதற்குமேல் எப்படி விளக்கிச் சொல்வது? பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 30, திங்கள்

எட்டு நாள். ஒரு வார்த்தை இல்லை. மூன்று பெட்டியைத் திறந்து பார்க்க எட்டு நாள் வேண்டுமா? வாழ்க்கையில் முதன்முறையாக அவளிடம் ஓர் உதவி கேட்கிறேன். அதாவது, சின்ன வயதுக்குப் பிறகு முதன்முறையாக.

கையெழுத்து என்னுடையது அல்ல என்பது உண்மைதான். அதற்கென்ன? சின்னப் பிள்ளைகள் ஒரே மேசையில் இருந்து எழுதுவோம், யார் பென்சில், யார் புத்தகம் என்றெல்லாம் யார் பார்த்தார்கள்? அவள் எழுத்து வடிவாக இருக்கும், எனக்குக் கோழிக் கிறுக்கல். மெட்டு யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதை உலகத்துக்குக் கொண்டுபோனவன் யார்? அதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கமுடியாது.

பேஸின் முதுகில் மயிரிழை அளவு வெடிப்பு. அறையில் ஈரம் குறைந்துவிட்டது. வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே மரம் காய்ந்து வெடிக்கிறது. இந்த ஊரில்தான் இப்படி நடக்கும்.

ஏப்ரல் 5, ஞாயிறு. ஈஸ்டர்

மாரித்தின் பெற்றோர் வந்தார்கள். ஆட்டிறைச்சி. மாமனார், அந்தப் படகுப் பாட்டைத் தன் செத்தவீட்டில் நானே வாசிக்க வேண்டும் என்றார். போன வருடமும் சொன்னார். ஆள் கல்லுப்போல இருக்கிறார்.

சாப்பாட்டுக்கு நடுவில் அக்கா தொலைபேசியில் எடுத்தாள். நான் குசினிக்குள் போனேன். புத்தகம் கிடைத்துவிட்டதாம். எனக்குத் துள்ள வேண்டும்போல் இருந்தது.

"கண்டுபிடிச்சு எத்தினை நாள்?" என்று கேட்டேன்.

"நீ கேட்ட அண்டைக்கே எடுத்திட்டன்" என்றாள்.

எனக்கு ஏறிவிட்டது. அப்போ ஏன் இவ்வளவு நாள் என்று சத்தம் போட்டேன். மாரித் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். கடைசித் தேதி நெருங்கிவிட்டது, எனக்கு அனுப்பி நான் அவர்களுக்கு அனுப்ப நேரமில்லை, நேராகச் சங்கத்துக்கே அனுப்பு என்று முகவரியைச் சொன்னேன்.

"நேரா அங்கயே அனுப்பவோ? நல்லா யோசிச்சியோ, தம்பி?"

"இதில யோசிக்க என்ன இருக்கு?"

"முழுப் புத்தகத்தையும் அனுப்பவோ?"

"ஒரு பக்கம் போதும் எண்டு முந்தியே சொன்னனான்."

"சரி. திரும்பவும் கேக்கிறன், நல்லா யோசிச்சியோ?"

அனுப்பு அக்கா, அனுப்பு என்று கத்தினேன். வைத்துவிட்டாள். மூத்தவர்களுக்கு எதையும் ஒரு தரம் கேட்டால் போதாது. இறைச்சி ஆறிவிட்டது.

ஏப்ரல் 11, சனி

குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்து வசந்தகாலத் துப்புரவு. எனக்குச் சைக்கிள் கொட்டகை. பக்கத்துவீட்டுக்காரர் என் நேர்காணலை வாசித்தாராம். "அகதிச் சிறுவனின் கடல்" என்று தலைப்பாம். நரம்பைத் தவிர மீதியெல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

சங்கத்திலிருந்து மின்னஞ்சல். பக்கம் வந்துவிட்டதாம், அதன் படத்தையும் இணைத்திருக்கிறார்கள். மெட்டு அதுவேதான், சுரத்துக்குச் சுரம். ஹல்வாருக்கு முந்தியது என்பதில் சந்தேகமே இல்லை என்று எழுதியிருக்கிறார் அந்தப் பெண்.

பிறகு இப்படி: பக்கத்தின் மேலே இரண்டு வரி இருக்கிறது, உங்கள் மொழி என்று நினைக்கிறோம். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் மூன்று வாரமாகும். அச்சுக்கு அவ்வளவு நேரம் இல்லை. நீங்களே என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? உங்கள் வார்த்தையே எங்களுக்குப் போதும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வரி தலைப்பு. இரண்டாவது வரியில் பெயரும் தேதியும்.

என்ன விசர்த்தனம் இது? ஒரு சங்கம், இவ்வளவு பெரிய கட்டடம், சட்டத்தரணிகள். ஆதாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது வழக்குப் போட்டவனிடம்! நம்புகிறார்களாம். இந்த நாட்டின் நம்பிக்கையைப்போல மனிதனை எரிச்சல்படுத்துவது வேறொன்றும் இல்லை. பூட்டாத வீட்டுக்கு முன்னால் நம்மை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

ஏப்ரல் 18, சனி

பதில் அனுப்பிவிட்டேன். "முதல் வரி: 'ஆமை'. அது வீட்டில் எனக்கிருந்த பட்டப்பெயர். இரண்டாவது வரி: பிரதி எடுத்தவர் சுகிர்தா, மே 12, 1990. சுகிர்தா என் அக்கா."

பெயரை மாற்றவில்லை. தேதியை மாற்றவில்லை. ஆமை எனக்கிருந்த பட்டப்பெயர்தான், அதுவும் உண்மை.

ஏப்ரல் 19, ஞாயிறு

எட்டு மணித்தியாலம் வாசித்தேன். விரல்நுனி கொப்பளித்துவிட்டது. மாரித் ஏன் என்று கேட்டாள். விழா வருகிறதே என்றேன்.

மே 4, திங்கள்

வென்றுவிட்டேன். கடிதம் வந்துவிட்டது. "திரும்பாத படகு. இசையமைப்பு: தவரூபன் நவரத்தினம்." புத்தகம் திருத்தத்தோடு இன்று அச்சுக்குப் போகிறது.

மத்தியானம் ஹல்வார் தொலைபேசியில் எடுத்தான். குரல் உடைந்திருந்தது. அந்தப் பிள்ளைக் கையெழுத்தைப் பார்த்தானாம், அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டதாம். நான் எழுதினேன், அதனால் என்னுடையது என்று நினைத்துவிட்டேன், இருபத்தைந்து வருடம் உன் கைதட்டலை நான் வாங்கிக்கொண்டேன், மன்னித்துக்கொள் என்றான். விழாவில் மேடையில் எல்லோருக்கும் முன்னால் இதைச் சொல்லவும் தயாராம்.

இதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். கேட்கக் கேட்க ஆத்திரமாக வந்தது. மறுத்துப் பேசியிருந்தால், ஒரு சொல் குறுக்கே போட்டிருந்தால், எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். தேவையில்லை, மேடையில் ஒன்றும் சொல்லாதே என்று வெட்டிப் பேசிவிட்டு வைத்தேன். பெருந்தன்மை என்று நினைத்திருப்பான்.

மே 6, புதன்

பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்திருக்கிறது. மாணவர்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். பாடத்தை அரைமணி முந்தி முடித்துவிட்டேன்.

அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி: "பேப்பர் பாத்தன். நல்லது." அவ்வளவுதான். நல்லது என்றால் என்ன நல்லது?

மே 9, சனி

அவள் எனக்கு எடுக்கவில்லை. நானும் அவளுக்கு எடுக்கவில்லை.

மே 17, ஞாயிறு

தேசிய நாள், நாட்டின் பெரிய நாள். காலை ஏழு மணிக்கே கீழே தெருவில் பள்ளி பாண்டுகள் தொடங்கிவிட்டன. மாரித் கொடியோடு போய்விட்டாள். நான் சன்னலை மூடினேன். மூடியும் கேட்டது. கடைசியாக வந்த பாண்டில் டியூபாக்காரர்கள் ஒரு அடி பிந்தித்தான் வாசித்தார்கள். எந்த ஊரிலும் அப்படித்தான். பாரம் அப்படி.

இரண்டாவது வரியில் இருப்பது "மெட்டுப் போட்டது சுகிர்தா". பிரதி என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. நேற்றுவரை இந்த நாட்குறிப்பிலும் அதை எழுத என் கை வரவில்லை.

பத்துமணிக்கு அக்காவுக்கு எடுத்தேன். இல்லத்துக் கிழவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்து ஊர்வலம் பார்க்கக் கொண்டுபோயிருந்தாள். பின்னால் டிரம்பெட் கேட்டது. சங்கத்துக்கு நான் என்ன எழுதினேன் என்று சொன்னேன். சொல்லுக்குச் சொல் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "பேப்பர் பாத்த உடனயே விளங்கிட்டுது. நான் ரெண்டு தரம் கேட்டனான், நல்லா யோசிச்சியோ எண்டு."

மூடிய சன்னலை இன்னொரு தரம் இழுத்து மூடினேன். வேறென்ன செய்வது?

"ஒண்டு கேக்கிறன். அதை ஏன் அப்பிடி இழுத்து இழுத்து வாசிக்கிறாய்?"

விளங்கவில்லை என்றேன்.

"இல்லத்தில ஆர் செத்தாலும் அதைத்தான் போடுறாங்கள். பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு சிரிப்பை அடக்கிறது எனக்குப் பெரிய பாடு. அது செத்தவீட்டுப் பாட்டில்லையடா. உன்னைப் பழிச்சுப் போட்டது. அந்த டியூபாவையும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, மூக்கு வழிய வழிய, ஒரு தெரு தள்ளி ஆமை மாதிரி வருவாய். நான் முன்னால நிண்டு ஊதுவன். உனக்குக் கோவம் வந்து ஓடி வரவேணும் எண்டு."

சிரித்துவிட்டாள். பேராசிரியரின் இரண்டு பக்கம் நினைவுக்கு வந்தது. நாடுகடத்தலின் தாளமற்ற துயரம் என்று எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இழுத்து வாசித்ததற்கு ஒரே காரணம், அந்த வேகத்தில் பேஸில் வாசிக்க என் விரலுக்கு வராது. இரண்டாயிரமாம் ஆண்டில் ஒத்திகை அறையில் மெதுவாக்கினேன். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அழகு என்றார்கள். விட்டுவிட்டேன்.

"ஏன் அக்கா ஒருநாளும் கேக்கேல்லை?" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "நான் ஏனடா கேக்கவேணும்?"

ஒரு கிழவருக்குக் குளிருகிறது என்று வைத்துவிட்டாள். அவள் கேட்டது சரி. அதனால்தான் இன்னும் ஆத்திரம்.

மே 18, திங்கள்

சங்கத்துக்கு எழுதினேன். இந்த முறை மொழிபெயர்ப்பில் ஒரு எழுத்தும் கூட்டிக் குறைக்கவில்லை. முன்பு எழுதியது பொய், பிழை அல்ல, பொய் என்றும் எழுதினேன். புத்தகம் அச்சாகிவிட்டதாம். பதிவேட்டில் மட்டும் மாற்றுவார்களாம். அந்தப் பெண் கோபப்படவே இல்லை. "தெளிவுபடுத்தியதற்கு நன்றி" என்று எழுதியிருக்கிறார். என்னைத் திட்டுவதற்கு இந்த நாட்டில் ஓர் ஆள் கிடையாது. எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டியிருக்கிறது.

மாரித்திடமும் சொன்னேன். அவள் என்னை நடந்துவிட்டு வரச் சொல்லவில்லை. தான் தனியாக எழுந்து நடக்கப் போனாள். இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் வந்தாள்.

மே 22, வெள்ளி

விழாவுக்கு வா என்று அக்காவைக் கேட்டேன். லீவு இல்லை என்றாள். பிறகு, புதன்கிழமை வருகிறேன் என்றாள்.

மே 27, புதன்

அவள் ஒத்திகைக்கு வந்தாள். என் ஒத்திகைக்கு அவள் வருவது இதுவே முதல்முறை. நான் கூப்பிட்டதும் இதுவே முதல்முறை.

ஹல்வாரிடமும் மற்ற இருவரிடமும் அவளை நிறுத்திவைத்து விஷயத்தைச் சொன்னேன். ஹல்வார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் முதல் தடவையாகக் கோபம் இருந்தது. மூன்று வாரம் முன் என்னிடம் குரல் உடைந்து மன்னிப்புக் கேட்டவன் அவன். திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் அக்காவின் பக்கம் திரும்பி, எந்த வேகம் என்று மட்டும் கேட்டான்.

அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காலால் தட்டினாள். நாங்கள் வாசித்ததற்கு மூன்று மடங்கு வேகம். டிரம்ஸ்காரன் உடனே பிடித்துக்கொண்டான், ஹல்வார் பிடித்துக்கொண்டான். என்னால் முடியவில்லை. நாலாவது அடியிலேயே சறுக்கினேன். பத்துத் தரம் வாசித்தோம். பத்துத் தரமும் அவள் நிறுத்தி, "பேஸ் பிந்துது" என்றாள், நோர்வே மொழியில், எல்லோருக்கும் கேட்க. வந்த கோபத்துக்கு அந்தப் பேஸைத் தூக்கி எறிந்திருப்பேன். பதினோராவது தரம் அரைவாசித் தூரம் போனேன்.

மே 28, வியாழன்

ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்தப் பாட்டுக்கு முன் ஒலிவாங்கியை எடுத்தேன். இதை நான் செய்யவில்லை, ஹல்வாரும் செய்யவில்லை, செய்தவர் சுகிர்தா நவரத்தினம், மூன்றாவது வரிசையில் இருக்கிறார் என்றேன். இதற்குப் பெயர் "ஆமை" என்றேன். உங்கள் கையிலுள்ள புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது, அது என் பொய்யால் வந்தது என்றும் சொன்னேன். பிறகு வாசித்தோம். கண்ணை மூடத் தயாராக இருந்தவர்கள் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாமனார் வாயைத் திறந்தபடி இருந்தார். முடித்தபோது கைதட்டுவதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு பக்கத்தில் தொடங்கி எல்லாப் பக்கமும் பரவியது. அது எனக்கில்லை. எழும்பி நின்று தலையாட்டினாள் அக்கா. இல்லத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற அதே நீலச் சட்டை.

மேடைக்குப் பின்னால் ஹல்வார் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வேறும் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டான், மரியாதைக்குத்தான் கேட்டான்.

"இன்னும் பதினொன்று இருக்கிறது" என்றாள் அவள். "எல்லாம் அதே புத்தகத்தில்."

சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை. நான் பேஸின் நரம்பைத் தளர்த்துவதுபோல் குனிந்துகொண்டேன். அந்தப் பதினொன்றில் மூன்று என்ன என்று எனக்குத் தெரியும். மூன்றும் என் தட்டுகளில் இருக்கின்றன.

மே 29, வெள்ளி. காலை

நான் எழும்பியபோது அக்கா குசினியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். மாரித் வேலைக்குப் போய்விட்டாள். எதிரில் இருந்தேன். பச்சைப் புத்தகத்தைக் கொண்டுவந்தாயா என்று கேட்டேன்.

"கொண்டு வந்தனான்" என்றாள். "நீ எப்ப கேப்பாய் எண்டு இருந்தனான்."

கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். நான் என் ஆறு தட்டுகளையும் அலுமாரியிலிருந்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம். அவள் மெட்டை மெதுவாக முணுமுணுத்தாள், நான் தட்டின் பெயரைச் சொன்னேன், அவள் பக்கத்தின் மூலையில் பென்சிலால் குறித்தாள். விருது வாங்கித் தந்தது ஆறாம் பக்கத்தில் இருந்தது. அவள் அதை முழுவதும் முணுமுணுத்தாள், மூலையில் குறித்தாள், அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

நேற்று மூன்று என்று எழுதியிருக்கிறேன். ஏழு.